காது கேளாத இளைஞனும் கண் சிமிட்டிய நட்சத்திரமும்!



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்து கேட்டபோது நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். கவிதை எனக்கு வராது. ஜோக்கு எழுதினால் நானே சிரிக்க மாட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நம் நூலகத்தில் ஒரு வானியல் புத்தகத்தைச் சும்மா புரட்டியபோது எனக்கு அறிமுகமான ஒருவரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அவர் பெயர் ஜான் குட்ரிக். வானியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவரைப் புகழ் பெற வைத்த கண்டுபிடிப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. எனக்கும் இப்போது பதினெட்டுதான். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் அதே வயதுதான்! இருபத்தொரு வயதில் அவர் இறந்துவிட்டார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனாலும், இன்று வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிறவர்கள், அவர் வெறும் கண்ணால் பார்த்த அதே வகை ஒளி மாற்றத்தைத்தான் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் கதை.

பிறப்பும் படிப்பும்

குட்ரிக் 1764-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரத்தில் பிறந்தார். அப்பா ஹென்றி குட்ரிக் ஆங்கிலேயர். வெளிநாட்டில் அரசாங்கப் பணியில் இருந்தார். தாத்தா சர் ஜான் குட்ரிக், இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் நிலபுலன் உள்ள பிரபு. அதனால் பணக்கஷ்டம் என்பது அவருக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவரும் நாமும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கஷ்டம் வேறு வழியில் வந்தது. சின்னக் குழந்தையாக இருந்தபோது கடுமையான நோய் ஒன்று வந்து, கேட்கும் சக்தி போய்விட்டது. அந்தக் காலத்தில் காது கேளாத பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியும் என்றே பலர் நம்பவில்லை. மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தாமஸ் பிரெய்ட்வுட் என்ற ஆசிரியர், காது கேளாதவர்களுக்கு என்றே ஒரு பள்ளி நடத்தி வந்தார். குட்ரிக்கை அங்கே சேர்த்தார்கள். எழுதப் படிக்கவும் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள்.

1778-இல் அவர் இங்கிலாந்தின் வாரிங்டன் அகாடமிக்கு மாறினார். இது காது கேளாதவர்களுக்கான பள்ளி அல்ல, எல்லோரும் படிக்கும் சாதாரணப் பள்ளி. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தில் நன்றாக முன்னேறினார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் முதல் செமஸ்டர் ஞாபகம் வந்தது. தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு இங்கே வந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கும். ஆசிரியரின் வாய் அசைவது தெரியும், ஒன்றும் உள்ளே இறங்காது. போர்டில் இருப்பதைப் படம் மாதிரி வரைந்துகொண்டு வருவேன். மூன்று அரியர். என் கஷ்டத்தை அவருடைய குறையோடு ஒப்பிடுவது தப்பு என்று தெரியும். ஆனால் கண்ணை மட்டுமே நம்பி ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

யார்க் நகரத்து ஜன்னல்

1781-இல் படிப்பை முடித்துக்கொண்டு குட்ரிக் யார்க் நகரத்தில் தன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். யார்க் பேராலயத்துக்குப் பக்கத்தில் டிரஷரர்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகையின் ஒரு பகுதியில் அவர்கள் குடியிருந்தார்கள். அந்த வீட்டு ஜன்னல்தான் அவருடைய வானியல் ஆய்வுக்கூடம், வகுப்பறை எல்லாம்.

அதே ஊரில் எட்வர்ட் பிகாட் என்பவர் இருந்தார். குட்ரிக்கை விடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். பிகாட்டின் அப்பாவும் வானியல் ஆர்வலர், சொந்தமாகத் தொலைநோக்கிகள் வைத்திருந்தார். நட்சத்திரங்களில் சில ஏன் ஒரு நாள் பளிச்சென்றும் ஒரு நாள் மங்கலாகவும் தெரிகின்றன என்பதுதான் பிகாட்டின் கேள்வி. அந்தக் கேள்வியைத் தன் இளம் நண்பருக்கும் கொடுத்தார். 1781 நவம்பரில் குட்ரிக் ஒரு நோட்டில் தேதி போட்டு, பார்த்ததை எழுத ஆரம்பித்தார்.

நண்பர்களே, அவர் செய்தது ராக்கெட் வேலை இல்லை. ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பார். பக்கத்தில் இருக்கும் மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிடுவார். இதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல் என்று எழுதுவார். மணி எத்தனை என்று குறிப்பார். மறுபடி பார்ப்பார். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு இரவும் செய்தார். யார்க் நகரத்துக் குளிரிலும் மேகத்திலும் விடாமல் செய்தார்.

கண் சிமிட்டிய அல்கால்

பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் அல்கால் என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அரபு மொழியில் பேயின் தலை என்று அர்த்தம் வரும் பெயரிலிருந்து வந்தது. அது சில சமயம் மங்குகிறது என்பதை இத்தாலியரான மொண்டனாரி போன்றோர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் எப்போது மங்கும், எதற்கு மங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

1782 நவம்பர் 12-ஆம் தேதி இரவு அல்கால் வழக்கத்தைவிட மிகவும் மங்கியிருப்பதைக் குட்ரிக் பார்த்தார். தன் கண்ணையே அவரால் நம்ப முடியவில்லை. டிசம்பர் 28-ஆம் தேதி மறுபடியும் பிடித்துவிட்டார். இடையில் 46 நாட்கள். அதற்குள் எத்தனை தடவை மங்கியிருக்கும்? பகலில் நடந்தது தெரியாது, மேகத்துக்குப் பின்னால் நடந்ததும் தெரியாது. 1783 வசந்த காலத்தில் அடுத்தடுத்து மங்கல்களைப் பிடித்த பிறகுதான் கணக்கு சரியாக உட்கார்ந்தது. 2 நாள் 20 மணி 45 நிமிடத்துக்கு ஒரு தடவை அல்கால் மங்குகிறது! இன்றைய அளவு 2 நாள் 20 மணி 49 நிமிடம். வித்தியாசம் வெறும் நான்கு நிமிடம்.

இப்படிக் கடிகாரம் மாதிரி மங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று எழுதினார். ஒன்று, பெரிய உருண்டை ஒன்று அல்காலைச் சுற்றி வந்து நமக்கும் அதற்கும் குறுக்கே போகலாம். இல்லையென்றால், அல்கால் தன்னைத்தானே சுற்றும்போது கறுப்புப் புள்ளிகள் நிறைந்த பக்கம் நம் பக்கம் திரும்பலாம். குறுக்கே போகும் உருண்டை என்ற யோசனையில் பிகாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்தப் பெரிய மனிதர் கண்டுபிடிப்பின் பெயரைத் தன் தம்பி மாதிரி இருந்தவருக்கே விட்டுக்கொடுத்தார். இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

1783 மே மாதம் அந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அதே ஆண்டு அந்தச் சங்கத்தின் உயர்ந்த விருதான காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. வயது பத்தொன்பது!

இரண்டு மேடு, இரண்டு பள்ளம்

1784 செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு அதிசயமான இரவு. அன்று பிகாட் ஈட்டா அக்விலே என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அதே இரவில் குட்ரிக் லைரா கூட்டத்தில் உள்ள பீட்டா லைரே நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே இரவு, இரண்டு நண்பர்கள், இரண்டு கண்டுபிடிப்பு.

பீட்டா லைரே அல்கால் மாதிரி இல்லை. அல்கால் பல மணி நேரம் ஒரே மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று மங்கும். பீட்டா லைரேயோ ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. முதலில் குட்ரிக் அதன் காலம் சுமார் 6 நாள் 9 மணி என்று நினைத்தார். விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஒரு பள்ளம் ஆழமாக இருக்கிறது, அடுத்த பள்ளம் ஆழம் குறைவாக இருக்கிறது, அதற்கடுத்தது மறுபடி ஆழம். அப்படியானால் உண்மையான சுற்று ஒரு ஆழப் பள்ளத்திலிருந்து அடுத்த ஆழப் பள்ளம் வரைக்கும்தானே? தன் கணக்கைத் தானே திருத்தினார். காலம் 12 நாள் 19 மணி என்று எழுதினார்.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் எலக்ட்ரானிக்ஸ் லேப். சென்டர் டேப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் செய்தோம். நமக்கெல்லாம் தெரியும், உள்ளே போவது 50 ஹெர்ட்ஸ், 20 மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று. வெளியே வரும் மேடுகள் 10 மில்லி செகண்டுக்கு ஒன்று. எல்லா மேடும் ஒரே உயரம் என்று புத்தகத்தில் படம் இருக்கும். ஆனால் என் சிஆர்ஓ-வில் ஒரு மேடு உயரம், அடுத்தது குட்டை, மறுபடி உயரம், மறுபடி குட்டை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சீனியர் அண்ணன் ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்து எல்லா மேட்டையும் ஒரே உயரத்தில் அழகாக வரைந்துவிட்டேன். கையெழுத்து கிடைத்தது, முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

மதியம் அடுத்த பேட்ச். அதே டேபிள், அதே கிட். எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணில் தெரிந்ததை அப்படியே ஏற்ற இறக்கமாக வரைந்துகொண்டு போனாள். ஆசிரியர் முதலில் திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பச் செய்தும் அதேதான் வருகிறது என்று அவள் நின்றாள். அவர் மல்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதி 12 வோல்ட், மறு பாதி 10 வோல்ட்கூட வரவில்லை! வயிண்டிங்கில் கோளாறு. எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். நான் கைதட்டினேன். ஆனால் என் ரெக்கார்டின் அந்தப் பக்கத்தை இன்று வரை என்னால் நிம்மதியாகத் திறக்க முடியவில்லை. அந்தக் குட்டை மேடுதான் உண்மையைச் சொன்னது. அதைத்தான் நான் அழித்துவிட்டேன்.

குட்ரிக் அழிக்கவில்லை. அதுதான் அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்.

நட்சத்திரத்தில் ஓதம்!

பீட்டா லைரே ஏன் அப்படி ஏறி இறங்குகிறது? தன் காலத்தில் குட்ரிக் புள்ளிகள்தான் காரணம் என்று எண்ணினார். அது சரியல்ல என்று பின்னால் தெரிந்தது. உண்மையில் அங்கே இரண்டு நட்சத்திரங்கள் நெருக்கமாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்றையொன்று மறைக்கவும் செய்கின்றன. அதோடு, ஒன்றின் இழுப்பில் மற்றது உருண்டையாக இல்லாமல் முட்டை மாதிரி நீண்டு கிடக்கிறது. 2008-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் உள்ள தொலைநோக்கிகளை இணைத்து அந்த ஜோடியைப் படமே எடுத்துவிட்டார்கள்.

பள்ளியில் ஓதம் என்று படித்தோமே, அதேதான் இது. நிலவு பூமியை இழுக்கிறது. பக்கத்தில் உள்ள பக்கத்தை அதிகமாகவும் எதிர்ப்பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் கடல் இரண்டு பக்கமும் புடைக்கிறது. அதனால்தான் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறுகிறது. நட்சத்திரம் முழுக்க வாயு. பக்கத்தில் கனமான ஒன்று சுற்றினால் அந்த வாயுவும் இரண்டு பக்கம் புடைக்கும். முட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால் பெரிதாகத் தெரியும், முனையிலிருந்து பார்த்தால் சின்ன வட்டமாகத் தெரியும் இல்லையா? அதே மாதிரி ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பிரகாசம் ஏறும், இரண்டு தடவை இறங்கும். இரண்டு மேடு, இரண்டு பள்ளம். நம் ரெக்டிஃபையர் மாதிரியே!

இப்போது கோளுக்கு வருவோம். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சுற்றுவது இன்னொரு நட்சத்திரமாக இல்லாமல், வியாழன் மாதிரி ஒரு பெரிய கோளாக இருந்தால்? அதுவும் ஓதத்தை எழுப்பும், ஆனால் மிகமிகச் சின்னதாக. 2009-இல் அமெரிக்காவின் நாசா அனுப்பிய கெப்ளர் விண்கலம் அதையும் பிடித்தது. ஹாட்-பி-7 என்ற நட்சத்திரத்தை ஒரு பெரிய கோள் 2.2 நாளுக்கு ஒரு தடவை சுற்றுகிறது. அந்தக் கோள் எழுப்பும் ஓதத்தால் நட்சத்திரத்தின் ஒளி பத்து லட்சத்தில் 37 பங்கு மாறுகிறது என்று 2010-இல் அறிவித்தார்கள். ஒரு லட்சம் ரூபாயை எண்ணும்போது மூன்று ரூபாய் எழுபது பைசா குறைவதைக் கண்டுபிடிப்பது மாதிரி!

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும் கோளை, ஒளி மங்குவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அல்கால் விஷயத்தில் குட்ரிக் சொன்ன முதல் காரணம் மாதிரி. ஆனால் எல்லாக் கோளும் நம் பார்வைக்குக் குறுக்கே போகாது. குறுக்கே போகாத கோளும் ஓதத்தை எழுப்பும். ஆகவே மறைக்காமலேயே மாட்டிக்கொள்ளும். புடைப்பின் அளவை வைத்துக் கோளின் எடையையும் மதிப்பிடலாம். ஆனால் ஒரு கஷ்டம் உண்டு. கோளின் தூரம் இரண்டு மடங்கானால் இந்த விளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றும் கனமான கோள்கள்தான் இந்த வலையில் விழும். நம் பூமி மாதிரி கோள் விழாது.

கோளில் பட்டுத் திரும்பும் ஒளி, கோள் இழுப்பதால் நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது ஒளி கொஞ்சம் கூடுவது, இந்த ஓதம் என்று மூன்று தடயங்களையும் சேர்த்துத் தேடும் முறை ஒன்றை இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெய்க்லர், மசே இருவரும் 2011-இல் வெளியிட்டார்கள். முதல் இரண்டும் சுற்றுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். ஓதம் இரண்டு தடவை. அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 2013-இல் இந்த முறையில் முதல் கோள் கிடைத்தது. பெயர் கெப்ளர்-76பி. வியாழனைப் போல் சுமார் இரண்டு மடங்கு எடை, ஒன்றரை நாளுக்கு ஒரு சுற்று. அமெரிக்காவின் அரிசோனாவிலும் பிரான்சிலும் உள்ள தொலைநோக்கிகள் அதை உறுதி செய்தன.

யார்க் நகரத்து ஜன்னலில் ஒரு பையன் இரண்டு பள்ளத்தைப் பிரித்துப் பார்த்தது எங்கே, இது எங்கே! ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். சுற்றுக்கு ஒரு மேடா, இரண்டு மேடா?

அணைந்த விளக்கு

பீட்டா லைரேயோடு அவர் நிற்கவில்லை. 1784 அக்டோபரில் டெல்டா செஃபி நட்சத்திரத்தின் ஒளி மாற்றத்தைக் கண்டார். அதன் காலம் 5 நாள் 8 மணி 37 நிமிடம் என்று கணக்கிட்டார். இன்றைய அளவோடு பார்த்தால் பத்து நிமிடம்தான் வித்தியாசம். அந்த வகை நட்சத்திரங்களை வைத்துத்தான் பிற்காலத்தில் ஹென்ரியட்டா லீவிட், எட்வின் ஹபிள் போன்றவர்கள் அண்டத்தின் தூரத்தையே அளந்தார்கள்.

1786 ஏப்ரல் மாதம் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே மாதம் 20-ஆம் தேதி அவர் யார்க் நகரில் காலமானார். அந்தச் செய்தி அவருக்கு எட்டவே இல்லை என்று சொல்வார்கள். இரவுக் குளிரில் நின்று நின்றே நோய் வந்தது என்றும் சொல்வார்கள். ஹன்சிங்கோர் என்ற கிராமத்தில் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அல்காலைச் சுற்றி ஒரு துணை இருப்பதை ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் வோகல் நிறமாலை மூலம் உறுதி செய்தது 1889-இல். குட்ரிக் இறந்து 103 ஆண்டுகள் கழித்து! இன்று யார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் இருக்கிறது. ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முடிவாக...

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலு வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள். வீட்டுச் சுவரில் கரியால் கோடு போடுவார்கள், ஒரு நாளைக்கு ஒரு கோடு. மாடு சரியாகக் கறக்காத நாளில் பாதிக் கோடு. மாதக் கடைசியில் காசு பற்றாத நேரத்திலும் அந்தப் பாதிக் கோட்டை முழுக் கோடாக்கியதே கிடையாது. இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நான், லேப்பில் ஒரு குட்டை மேட்டுக்குப் பயந்து முழு மேடாக வரைந்துவிட்டேன்.

குட்ரிக் பணக்காரர், நாம் ஏழைகள். அவர் கண்ட வானம் வேறு, நம் சிஆர்ஓ வேறு. ஆனால் பார்த்ததை எழுதுவதற்குக் காசு வேண்டாம். புத்தகத்தில் உள்ளது மாதிரி வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம் நண்பர்களே! அதை அப்படியே எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். பிறகு ஏன் என்று கேளுங்கள். நம் தப்பாக இருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரின் கோளாறாக இருக்கலாம், யார் கண்டது, ஒரு கோளாகக்கூட இருக்கலாம்!

இந்த செமஸ்டரில் என் ரீடிங் எல்லாம் நான் எடுத்தவை. இரண்டு சோதனையில் திருத்தி வரச் சொன்னார்கள். ஒன்று என் தப்பு, திருத்திவிட்டேன். இன்னொன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.



மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை